ஏடு கண்டவரும் எழுத்தைக் கண்டவரும்

விருத்தாசலத்துக்கு மேற்கிலுள்ள மங்களூர் வட்டாரத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்து தெற்கே சென்றால் குன்னம், செங்கணம் முதலிய ஊர்கள் வரும். உ.வே.சாமிநாதையரின் (1855–1942) இளமைக் கல்வியில் இவ்வூர்களுக்கு இடமுண்டு. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனப் பலவும் கற்றார்.

1880 அக்டோபரில் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் இப்பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைக் கையிலெடுத்தபோது, கற்ற யாப்பு கைகொடுத்தது. ஆனால் சமண சமயக் கருத்துக்கள் புரியவில்லை. முன்பழக்கம் ஒரு பக்கம் ஏணியாகவும் மறுபக்கம் திரையாகவும் நின்றது.

உளவியலாரும் இவ்விரு முகங்களையும் கண்டிருக்கிறார்கள். 1956-இல் கிப்ஸன், வாக் என்ற இருவர், கூண்டுச் சுவரில் வட்டமும் முக்கோணமும் கண்டு வளர்ந்த எலிகள் பின்னர் அவ்வடிவங்களை விரைவில் வேறுபடுத்தக் கற்றதைக் காட்டினர். 1959-இல் லூபோ, மூர் என்போர் செம்மறி ஆடுகளையும் வெள்ளாடுகளையும் கொண்டு நேர்மாறானதைக் கண்டனர். பின்விளைவு ஏதுமின்றிப் பலமுறை காட்டப்பட்ட ஓர் அடையாளம், பிறகு மின்னதிர்ச்சிக்கு முன்னறிவிப்பாக ஆனபோது, ஆடுகள் அதைக் கற்கத் தாமதித்தன. பயனற்றதென்று ஒருமுறை ஒதுக்கியதைக் கவனம் எளிதில் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாமல் பல அடிகளை எடுத்தாண்டிருக்கிறார். உரையைப் படிப்போர் அவற்றைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கக்கூடும். பெயரற்ற மேற்கோள் ஆட்டின் விளக்கொளி போன்றதுதானே! ஐயரோ, இவை எந்நூலின் அடிகள் என்ற கேள்வியைச் சுமந்து திரிந்தார். பழைய ஏடுகளைப் புரட்டுகையில் பத்துப்பாட்டில் அவ்வடிகள் எதிர்ப்பட்டன. உடனே அடையாளம் கண்டுகொண்டார். சமணக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணி 1887-இலும் பத்துப்பாட்டு 1889-இலும் அச்சேறின.

பள்ளிப் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யுளைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் சொல்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம். கேள்வியில்லாத பழக்கம் பாட்டைக் காதுக்கு நெருக்கமாக்கி மனத்துக்குத் தொலைவாக்கிவிடலாம். மனப்பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.