சரிவு முறியும் இடம்: பினாங்கு, ஜூரு ஆற்று வடிநிலங்களின் வடிவும் நிலப் பயன்பாடும்

பினாங்கில் பெருவெள்ளம் வடிந்த மறுநாளே இரண்டு வாதங்கள் எழுந்துவிடும். ஒன்று மழையைக் குறை சொல்லும். மற்றொன்று மலையை வெட்டியவர்களைக் குறை சொல்லும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவும் பெருநிலமும் ஒருசேர மூழ்கியபோதும் இவையே எழுந்தன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வடிநிலத்தின் வடிவை இரண்டுமே பொருட்படுத்துவதில்லை. ஒரு சிற்றாற்றின் வடிநிலத்தில் எத்தனை விழுக்காடு நிலம் கட்டடமாயிற்று என்பதைவிட, எந்த இடத்து நிலம் கட்டடமாயிற்று என்பதே வெள்ளத்தின் போக்கை முடிவு செய்கிறது. அந்த இடம் எது என்பதை வடிவைக் கொண்டே அறிய முடியும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தீவில் ஓடும் சுங்கை பினாங்கின், அதாவது பினாங்கு ஆற்றின், வடிநிலம் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்தான். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையின் கிழக்குச் சரிவுகளிலிருந்து ஆயர் ஈத்தாம் ஆறும், தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து ஆயர் தெர்ஜுன் ஆறும், பாயா தெருபோங் பக்கத்திலிருந்து டொண்டாங் ஆறும் இறங்குகின்றன. நகருக்குள் இவை ஒன்றுசேர, கடலை நெருங்கும் இடத்தில் ஜெலுத்தோங் ஆறும் வந்து கலக்கிறது. விரித்த விசிறியின் காம்புபோல எல்லா நீரும் ஒரே இடத்துக்கு வருவதால், அந்தக் காம்பை ஒட்டிய ஜாலான் பி. ராம்லி பகுதி வெள்ளத்துக்குப் பேர்போனது.

இவ்வடிவை எண்ணாலும் சொல்லலாம். நீரியலாளர் ஹார்ட்டன் 1932-இல் தந்த வடிவக் காரணி என்பது வடிநிலப் பரப்பை அதன் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். நீளத்தைத் தாராளமாக 10 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் சுங்கை பினாங்குக்கு அது 0.5-க்குக் குறையாது. இதே பரப்புள்ள வடிநிலம் 25 கிலோமீட்டர் நீண்டு கிடந்தால் 0.08தான் வரும். நீண்ட வடிநிலத்தில் கிளையாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். இங்கே அவை ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன.

ஆனால் இந்த எண் தரைப் பரப்பை மட்டுமே அளக்கிறது, உயரத்தை விட்டுவிடுகிறது. நீர் திரளும் நேரத்துக்கு 1940-இல் கிர்பிச் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டரில் 780 மீட்டர் இறக்கம் என மொத்தமாகக் கணக்கிட்டால் சுமார் ஒரு மணி நேரம் வருகிறது. இதையே இரண்டாகப் பிரித்து, முதல் 3 கிலோமீட்டரில் 750 மீட்டர், அடுத்த 7 கிலோமீட்டரில் 30 மீட்டர் என்று வைத்தால், மேற்பகுதிக்கு 16 நிமிடமும் கீழ்ப்பகுதிக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும் கிடைக்கின்றன. டென்னசியின் சிறு பண்ணை நிலங்களில் பிறந்த சூத்திரம் இது. பினாங்கு மலைக்கு அதன் துல்லியத்தை நான் நம்பவில்லை. இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் நம்புகிறேன். சராசரிச் சரிவு என்பது இந்த ஆற்றில் எங்குமே இல்லாத ஒன்று. கால்மணி நேரத்தில் அடிவாரம் சேரும் நீர், கடலுக்குப் போக அதைப்போல் ஒன்பது மடங்கு நேரம் காத்திருக்கிறது.

சரிவு முறியும் அந்த அடிவார வளையத்தில்தான் எல்லாம் நடக்கிறது. கருங்கல் மலை சிதைந்து உண்டான பருமணலை ஓடை அங்கேதான் இறக்கிவைக்கும். மனிதர் கை வைக்காதவரை, விரிந்து பரவி வேகம் தணிவதும் அங்கேதான். 1980-களில் எழுந்த ஃபார்லிம் குடியிருப்பு, பாயா தெருபோங்கின் அடுக்குமாடிகள், சிமெண்டுச் சுவருக்குள் நேராக்கப்பட்ட ஓடைகள் ஆகியவை பெரும்பாலும் இவ்வளையத்திலோ அதை ஒட்டியோ உள்ளன. பரவ இடமில்லாத நீர் வேகம் குறையாமல் நகருக்குள் வருகிறது. அடிவாரத்தில் தங்க வேண்டிய மணலும் கூடவே வந்து சமவெளிப் படுகையில் படிந்து, இருக்கிற கொள்ளளவையும் குறைக்கிறது.

மாநிலத்தின் மலைநில வரையறையோ 76 மீட்டருக்கு, அதாவது பழைய 250 அடிக்கு, மேற்பட்ட நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும்தான் காக்கிறது. மலையின் காட்டழிப்பு பற்றிய கவலை இங்கே புதிதல்ல, ஜே. ஆர். லோகன் 1848-லேயே மலைக்காடு அழிவதால் தீவின் தட்பவெப்பத்துக்கு நேரக்கூடியதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்தக் கவலை உச்சியைக் காக்க உதவும், நிலச்சரிவைத் தடுக்கவும் உதவும். ஆனால் 70 மீட்டரில் மிதமாகச் சரிந்து கிடக்கும் அடிவார நிலம் இந்த வரையறையில் சாதாரண நிலம். வெள்ளத்தைப் பொறுத்தவரை வடிநிலத்திலேயே விலைமதிப்பற்ற நிலம் அதுதான்.

நீர்ப்பாசன வடிகால் துறை 2000-இல் வெளியிட்ட வடிகால் கையேடு, கட்டுமானத்துக்குப் பிந்தைய நீர் உச்சம் முந்தையதை மிஞ்சக்கூடாது என்கிறது. இதற்காகத் தேக்கக் குளங்கள் வெட்டப்படுகின்றன. அடிவாரத்தில் இது முற்றிலும் சரி. ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய மனைக்கோ, மழைநீரை உடனே கடலுக்கு விட்டுவிடுவதே நல்லது. இரண்டு மணி நேரம் தேக்கிப் பிறகு திறந்தால், மலையிலிருந்து வரும் உச்சத்தோடு அது கைகோத்துக்கொள்ளும். கடல் ஏற்றமாக இருக்கும்போது உடனே விட முடியாதே என்ற மறுப்பு நியாயமானது. அப்போது பம்பு வைத்து இறைக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் மனைக்கு மனை ஒரே விதி என்பதை வடிநிலத்தின் வடிவு ஏற்காது.

பெருநிலத்தில், பிறைக்குத் தெற்கே ஓடும் ஜூருவுக்கு வந்தால் இந்த வாதம் தலைகீழாகிறது. புக்கிட் மெர்தாஜாம் குன்றை விட்டு இறங்கியதும் தரை தட்டையாகிவிடுகிறது. கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் செம்பனைக்கும் தோட்டங்கள் திறந்தபோது, இப்பகுதியின் ஈரநிலத்தில் வடிகால்கள் வெட்டப்பட்டன.  அதனால் வரைபடத்தில் வடிகால் அடர்த்தி, அதாவது ஓர் அலகுப் பரப்பில் உள்ள வாய்க்கால்களின் மொத்த நீளம், உயர்ந்து தெரியும். ஹார்ட்டன் வழியில் அதை மட்டும் படிப்பவர் இது நீரை விரைவாக இறக்கும் வடிநிலம் என்று நினைப்பார். வாய்க்கால் எத்தனை இருந்தாலும் இறக்கம் இல்லாத இடத்தில் நீருக்குப் போக்கில்லை. கடல் ஏறினால், கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஓதக் கதவை மூடத்தான் வேண்டும்.

எனவே ஜூருவில் நிலப் பயன்பாட்டின் விளைவு வெள்ள உச்சத்தில் குறைவாகவும், தேங்கும் நீரின் தரத்தில் மிகுதியாகவும் தெரிகிறது. பிறையின் தொழிற்பேட்டைகளும் பன்றிப் பண்ணைகளும் கழித்த நீர் 1970-களிலேயே கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது; பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. மலையாற்றில் சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும் கழிவு, இங்கே ஓதத்தோடு முன்னும் பின்னும் அலைந்து அடிச்சேற்றில் படிகிறது.

ஆகவே இரு கரைக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. படுகையை ஆழமாக்கி அகலப்படுத்துவது தீவில் அடிவார மணலை வெளியேற்ற உதவும். அதே வேலையை ஜூருவின் முகத்துவாரத்தில் செய்தால், உவர்நீர்தான் இன்னும் உள்ளே ஏறிவரும்.