பறங்கிப்புண் முதல் எய்ட்ஸ் வரை

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயரிலேயே அவர்தம் மனப்போக்குப் புலனாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேகக் கிரந்தி ஐரோப்பாவிலே பரவியபோது இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் இந்தியாவில் அது காணப்படவே, பாவமிசிரர் தம் பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூலில் அதனைப் பிரங்க ரோகம் எனக் குறித்தார். தமிழர் பறங்கிப்புண் என்றனர். அதற்கு மருந்தான கிழங்குக்கும் பறங்கிப்பட்டை என்ற பெயரே நிலைத்தது. நோய் எப்போதும் அயலானுடையதாகவே இருந்து வந்திருக்கிறது!

சட்டமும் இம்மனப்போக்கிற்கு விலக்கன்று. படைவீரரை மேகநோயினின்று காக்கவென 1868இல் இந்தியாவிலும், 1870இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களிலும் ஆங்கிலேயர் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றினர். பரத்தையர் பெயர் பதிவாயிற்று. கட்டாயப் பரிசோதனை நடந்தது. அவர்களிடம் சென்ற ஆடவரைக் கேட்பார் இல்லை. பாதி வழியை மட்டும் அடைத்தால் வெள்ளம் நிற்குமோ? கடும் எதிர்ப்புக்குப் பின் 1880களின் இறுதியில் அச்சட்டங்கள் கைவிடப்பட்டன.

பழந்தமிழர் கடாரம் என வழங்கிய கெடா, 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. திகாம் பத்து, பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களுக்குத் தமிழர் திரளாக வந்தனர். வந்தவருள் ஆடவரே மிகுதி, பெண்டிர் சிலர். குடும்பத்தைப் பிரிந்த இளைஞரின் தனிமையே நோய்க்கு வாயிலாயிற்று. இனத்திலோ குணத்திலோ குறை தேடுவோர், வாழ்க்கைச் சூழல் என்னும் இக்காரணத்தைக் காணத் தவறுவர்.

இப்பழங்கதை 1986இல் சென்னையிலே புதுவடிவம் பெற்றது. எய்ட்ஸ் மேலைநாட்டாரின் நோய், நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பலரும் இறுமாந்திருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி நிர்மலாவை இதனை ஆராயுமாறு தூண்டினார். நிர்மலா முதலில் தயங்கினார்; கணவர் ஊக்கமளித்தார். காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் எண்பதுக்கு மேற்பட்டோரிடம் குருதி எடுத்து, வீட்டுக் குளிர்பெட்டியிலேயே பாதுகாத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாமையால், பனிக்கட்டிப் பெட்டியுடன் கணவரும் மனைவியும் இரவு ரயிலில் காட்பாடி சென்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். ஆறு மாதிரிகளில் கிருமி உண்மை தெரிந்தது. அமெரிக்காவிலும் அம்முடிவு உறுதியாயிற்று. ஒரு மாணவியின் பட்ட ஆய்வு நாட்டின் உறக்கத்தைக் கலைத்தது எனல் மிகையன்று. ஆனால் அப்பெண்களிடம் சென்ற ஆடவர் காவல் இல்லத்தில் இல்லை. அவர்கள் தத்தம் வீடுகளில் இருந்தனர்.

மலேசியாவிலும் முதல் நோயாளர் கண்டறியப்பட்டது அதே 1986இல்தான். தொடக்கத்தில் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டோரே இங்குப் பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். ஆகவே, அது போதைப்பித்தரின் நோய் என்ற எண்ணம் ஊன்றியது. பிற்காலத்தில் உடலுறவு வழித் தொற்றே மிகுந்தது. எண்ணம் மட்டும் எளிதில் மாறவில்லை.

இவ்வெண்ணமே கல்லூரி மாணவரை ஏமாற்றுகிறது. இவர்களுட் பலர், பாட்டனார் போலவே, வீட்டைவிட்டு அகன்று விடுதியில் வாழ்பவர். அறிவுரை கூறுவார் அருகில் இல்லை. பழகுபவர் படித்தவர், நல்ல குடும்பத்தவர் என்ற நம்பிக்கையில் ஆணுறையைக் கைவிடுகின்றனர். கிளமிடியா என்னும் தொற்றோ பெரும்பாலோரிடம் எவ்வித அறிகுறியையும் காட்டாது. வெட்டைநோயும் பெண்களிடம் மறைந்தே நிற்கக்கூடும். கவனியாது விட்டால் பின்னர் மகப்பேற்றுக்கே தடையாகலாம். இவ்விரண்டும் மருந்தால் தீர்பவை. மேகக் கிரந்தியும் 1943 முதற்கொண்டு பெனிசிலினுக்கு அடங்கியது. எய்ட்ஸ் கிருமியை முற்றும் ஒழிக்க இயலாவிடினும், நாள்தோறும் உண்ணும் மருந்து அதனைக் குருதியில் காணமுடியாத அளவுக்கு ஒடுக்கிவிடும். அந்நிலையில் அது உடலுறவால் பிறருக்குப் பரவாது. மருந்துகள் இத்தனை இருந்தும், பரிசோதனைக்குச் செல்லும் மாணவனை நால்வர் பார்த்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்துக்கு எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.