டேட்டோனா 500: மூன்று நாள் காத்திருந்த வெற்றி

ஆசிரியர்களே, "இதுதான் நடந்ததுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று வரலாற்றுப் பாடத்தில் கேட்டுப் பாருங்கள். "புத்தகத்தில இருக்கு சார்" என்றுதான் பல மாணவர்கள் சொல்வார்கள். அவர்களை அதற்கு மேலும் யோசிக்க வைக்க ஒரு கார் பந்தயத்தின் கதை உதவும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டேட்டோனா கடற்கரையில் மணல் இறுகிக் கெட்டியாக இருக்கும், காரே ஓட்டலாம். 1936-இல் பாதி மணலிலும் பாதி சாலையிலுமாக அங்கே ஸ்டாக் கார் பந்தயம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஸ்டாக் கார் என்றால் வேறொன்றுமில்லை, கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணக் கார்தான். அன்று ஓட்டியவர்களில் பில் பிரான்ஸ் என்ற மெக்கானிக்கும் ஒருவர். இவர் முன்னின்று 1948-இல் நாஸ்கார் அமைப்பை உருவாக்கினார். பிறகு 2.5 மைல் சுற்றளவில் தனித் தடமே கட்டினார். வேகத்தில் கார் வெளியே வீசப்படாமலிருக்க வளைவுகள் 31 பாகை சாய்வாக எழுப்பப்பட்டன. அதற்காக மண் தோண்டிய பள்ளம் இன்று தடத்தின் நடுவே ஏரியாக இருக்கிறது!

1959 பிப்ரவரி 22-இல் முதல் டேட்டோனா 500 நடந்தது. 59 கார்கள், 200 சுற்றுகள், மொத்தம் 500 மைல். முடிவில் மூன்று கார்கள் பக்கம் பக்கமாகக் கோட்டைக் கடந்தன. அதில் ஒன்று ஏற்கெனவே ஒரு சுற்று பின்தங்கிய கார். ஆகவே போட்டி லீ பெட்டிக்கும் ஜானி பீச்சமுக்கும்தான். பீச்சம் வென்றதாக முதலில் அறிவித்தார்கள். வெற்றியாளர் இடத்துக்கும் அவர் போய்விட்டார். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. புகைப்படங்களையும் செய்திப் படச்சுருளையும் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முடிவு மாறியது: வென்றவர் பெட்டி!

கோட்டருகே நின்றவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அவ்வளவுதான் பிடித்தது. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தானே?

தீர விசாரிப்பது கோப்பைக்கு மட்டும் அல்ல. 2001-இல் இதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் சுவரில் மோதி உயிரிழந்தார். விபத்தை ஆராய்ந்தார்கள். அதே ஆண்டிலேயே தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி ஓட்டுநர்களுக்குக் கட்டாயமானது.

உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி வரும்போது ஒன்று செய்யுங்கள். முடிவுக் கோட்டின் இரு பக்கமும் மாணவர்களை நிறுத்தி, கண்டதைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியிலும் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடட்டும். எது ஆதாரம், எது அனுமானம் என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.