பக்கத்து வீட்டுப் பாத்திக்கு மூணு குடம் தண்ணி... எமரால்டு கோடையில் கைகொடுக்க ஒரு கைடு!

"ஊட்டிப் பக்கம் இருந்துட்டு வெயிலைப் பத்திப் பேசறியா?"னு சமவெளி ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா, 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1951-க்குப் பிறகு அங்கே பதிவானதில் அதுதான் உச்சம். சென்னைக்காரருக்கு அது ஜாலியான நாள். வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் கம்பளியுமாகப் பழகி, வீட்டில் ஃபேன்கூட இல்லாத 75 வயசுப் பாட்டிக்கு அப்படியில்லை.

எமரால்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்திலிருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஆனால், தென்மேற்குப் பருவமழை கொட்டும் இதே ஊரில் ஜனவரி தொடங்கினால் ஊற்றும் ஓடையும் இளைத்துவிடும். கண்ணெதிரே அணை இருக்கிறதே என்று கேட்கலாம். அது குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டது. தவிர, அணை இருப்பது பள்ளத்தில். வீடும் தோட்டமும் இருப்பது மேட்டில். தண்ணீர் தானாக மேலே ஏறி வராது. யாராவது சுமக்கணும்.

பிள்ளைகள் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் சுமப்பது யார்? முழங்கால் வலியோடு அந்தத் தாத்தா, பாட்டியேதான். வீட்டுப் பின்னாடி நாலு பாத்தி கேரட், பீட்ரூட், பூண்டு, கொஞ்சம் கீரை. அதுதான் அவங்களுக்குச் சாப்பாடு, கைச்செலவு, பொழுதுபோக்கு எல்லாமே. லீவில் ஊருக்கு வந்திருக்கிறீர்களா? தினமும் 20 நிமிஷம் இருந்தால் போதும்.

எப்படிக் கேட்பது?

"ஏதாவது உதவி வேணுமா பாட்டி?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம் சாமி" என்றுதான் பதில் வரும். மத்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வாழ்ந்த தலைமுறை அது. அதனால், குறிப்பாகக் கேளுங்கள். "எங்க வீட்டுக்குத் தண்ணி பிடிக்கப் போறேன், உங்க ரெண்டு குடத்தையும் குடுங்க." "காலையில எங்க பாத்திக்கு ஊத்தும்போது உங்களதுக்கும் ஊத்திடறேன்." இதுக்கு 'வேணாம்' சொல்வது கஷ்டம். எந்தப் பாத்திக்கு முதலில், எதுக்கு வேண்டாம் என்பதை அவங்களே சொல்லட்டும். தோட்டம் அவங்களுடையது, நாம் வெறும் கூலி ஆள்!

எவ்வளவு ஊற்றுவது?

கணக்கு சிம்பிள். ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஒரு லிட்டர் ஊற்றினால், அது 1 மி.மீ. மழைக்குச் சமம். பத்துக்குப் பத்து அடிப் பாத்தி சுமார் 9 சதுர மீட்டர். அதுக்கு 5 மி.மீ. மழை அளவு தண்ணீர் என்றால் 45 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் மூணு குடம். ஒரு குடத் தண்ணீர் 15 கிலோ. அதைச் சரிவில் மூணு நடை தூக்கிப் பாருங்கள், பாட்டியின் முழங்கால் ஏன் வலிக்கிறதென்று புரியும்.

தினமும் ஊற்றித்தான் ஆகணும்னு இல்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் இன்று லீவு. ஆனால், பல நாள் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாக வெள்ளம் விடாதீர்கள். கேரட் வெடித்துவிடும். உருளையும் கிழங்கு வைக்கும் சமயத்தில் ஒரே சீரான ஈரத்தைத்தான் கேட்கும்.

எப்போது ஊற்றுவது?

காலை 7 முதல் 9 மணிதான் சரியான நேரம். உச்சி வெயிலில் ஊற்றினால் தண்ணீர் வீணாக ஆவியாகிப் போகும். சாயங்காலம் இலை நனைந்து ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால், உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வரும். இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் கதை வேறு. வெயில் ஏறும் முன் செடிமேல் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பது மலை விவசாயிகளின் பழக்கம். ஆனால், இருட்டோடு தனியாகத் தோட்டத்தில் இறங்காதீர்கள். காட்டுமாடும் கரடியும் நடமாடும் நேரம் அது. டார்ச் வேணும், கூட ஒரு ஆள் வேணும்.

தண்ணீரைக் காப்பாற்றும் மூணு வழிகள்

* மூடாக்கு: காய்ந்த புல், சருகு, தேயிலை கவாத்துக் கழிவு... எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மண் சீக்கிரம் காயாது, களையும் குறையும்.
* மண்பானை: பழைய பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவையுங்கள். ஈரம் கசிந்து வேருக்குப் போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்கும் யூடியூப் டிரிக்கைவிட இது மேல். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறதே!
* சமையலறைத் தண்ணீர்: அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

போகிற போக்கில் இதையும்...

ரேஷன் கடை, மருந்துக் கடை, கேஸ் சிலிண்டரை உள்ளே எடுத்துவைப்பது எல்லாம் உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை, அவங்களுக்கு அரை நாள். மோட்டார் இருக்கும் வீட்டில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். கொஞ்சம் வெளியே விட்டுவிட்டுச் செடிக்குக் காட்டுங்கள்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் அதிகமாகும். ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவிகிதம். எமரால்டு இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். காத்து குளுகுளுன்னு இருப்பதால் தோல் கருகுவதும் தெரியாது, தாகமும் தெரியாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு சொம்புத் தண்ணீர் அவசியம்.

செடியோடு ஆளையும் பாருங்க

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் நிறைய. கதவைத் தட்ட யாருமில்லாத வீடுகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன என்பது அந்த நகரம் கற்ற பாடம்.

குடத்தோடு தினமும் போகும் நீங்கள்தான் அந்தக் கதவைத் தட்டும் ஆள். நேற்று வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி இன்று எழவில்லையா? தலைசுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம் இருக்கிறதா? நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் ஓ.ஆர்.எஸ் கொடுக்கலாம். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேச்சு குழறினால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போன் நம்பரை முன்னாடியே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

லீவு முடிந்து கிளம்பும்போது, குடத்தை அடுத்த வீட்டுத் தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படைத்துவிட்டு வாருங்கள். மழை வர ஜூன் ஆகும். அதுவரை அந்த நாலு பாத்திக்கும் தண்ணி வேணும், பாட்டிக்கும் ஒரு ஆள் வேணும்.