சைலன்சர்: விற்பனைப் பெயர் சட்டச் சொல்லான வரலாறு

தமிழ்நாட்டில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். ‘சைலன்சர் ஓட்டை’ என்று மெக்கானிக் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120ஆவது விதி ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் அது இருந்தாக வேண்டும் என்கிறது. துப்பறியும் நாவலைத் திறந்தால் அதே சொல் வேறு பொருளில் வரும்: துப்பாக்கிக் குழலின் முனையில் திருகி மாட்டும் உருளை. ஒன்றைச் சாலையில் கட்டாயமாக்குகிறோம். மற்றொன்றைக் கொலைகாரனின் கருவியாக மட்டுமே அறிவோம். இரண்டும் செய்வது ஒரே வேலை. வெடித்து வெளியேறும் சூடான வாயுவைச் சற்றுத் தடுத்து, ஆறவைத்து, மெல்ல வெளியே விடுகின்றன.

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பிரிக்கிறது. சைலன்சர் காரணப் பெயர். ‘மௌனமாக்குவது’ என்பது அதன் நேர்ப் பொருள். அந்தக் காரணம் எவ்வளவு உண்மை என்ற கேள்வியில்தான் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் அடங்கியிருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். பேசாதிருத்தலைக் குறிக்கும் ‘சிலேரே’ என்ற வினையிலிருந்து ‘சைலன்ஸ்’ வந்தது. 1600 வாக்கில் ஆங்கிலத்தில் ‘சைலன்சர்’ என்றால் பிறர் வாயை அடைப்பவர். இயந்திரத்தின் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்கு அது பெயரானது 1890களின் கடைசியில், மோட்டார் வண்டிகள் தெருவுக்கு வந்த காலத்தில். அதே கருவியை அமெரிக்கர்கள் ‘மஃப்ளர்’ என்றார்கள். குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறோமே, அதே மஃப்ளர்தான். போர்த்தி மூடுவது என்ற பொருளிலிருந்து துணிக்கும் இயந்திர உறுப்புக்கும் அந்தப் பெயர் போனது. வாகனத்தைப் பொறுத்தவரை நமக்குப் பிரிட்டனின் சொல் தங்கிவிட்டது. அமெரிக்கர்களுக்கு மஃப்ளர் தங்கிவிட்டது.

அமெரிக்காவில் சைலன்சர் என்ற பெயரைத் துப்பாக்கியோடு பிணைத்தவர் ஹிராம் பெர்சி மாக்சிம் (1869–1936). இவருடைய தந்தை சர் ஹிராம் மாக்சிம், 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். தம் துப்பாக்கிகளின் முழக்கத்திலேயே வாழ்ந்து கடைசிக் காலத்தில் காது நன்றாக மந்தமாகிப் போனவர். மகன் படித்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். பிறகு கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் போப் நிறுவனத்துக்காக மோட்டார் வண்டிகள் செய்தார். எஞ்சின் சத்தமும் அதை அடக்கும் வழிகளும் அவருக்கு அன்றாட வேலை. அந்த அறிவு துப்பாக்கிக்கும் பயன்பட்டது. 1909 மார்ச் 30ஆம் நாள் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பு ‘ஒலியற்ற துப்பாக்கி’. கடைக்கு வந்த பொருளுக்கு ‘மாக்சிம் சைலன்சர்’ என்று பெயரிட்டார். காப்புரிமைத் தலைப்பே பெரிய வாக்குறுதி. விற்பனைப் பெயர் அதை ஒரே சொல்லில் சுருக்கி வாங்குபவரின் மனத்தில் பதித்தது.

அந்த முதல் சைலன்சரைக் கையில் எடுத்துப் பார்த்தால் குண்டு போகும் துளை நடுவில் இருக்காது, மேல்பக்கம் ஒதுங்கியிருக்கும். குறிபார்ப்பவரின் பார்வையை உருளை மறைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. உருளைக்குள் வளைந்த தகடுகள் வரிசையாக இருக்கும். குண்டு நேராகத் துளை வழியே போய்விடும். அதன் பின்னால் வரும் வாயு மட்டும் தகடுகளில் மோதிச் சுழன்று, வேகமும் சூடும் குறைந்து வெளியேறும்.

இதனால் துப்பாக்கி மௌனமாகிவிடுவதில்லை. சுடும்போது எழுவது ஒரு சத்தம் மட்டுமல்ல. குழல் வாயில் வாயு வெடித்துப் பரவும் சத்தம் ஒன்று. குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்தால் காற்றில் எழும் சாட்டையடிச் சத்தம் இன்னொன்று. துப்பாக்கியின் உறுப்புகள் நகரும் சத்தம் மூன்றாவது. சைலன்சர் முதலாவதை மட்டுமே தொட முடியும். பெரும்பாலான துப்பாக்கிகளின் வெடிச்சத்தம் 140 முதல் 170 டெசிபல் வரை போகும். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. 165 டெசிபல் 135 ஆனால் காதுக்கு அது பெரிய நிம்மதி. ஒரே வெடியில் காது கெடக்கூடிய 140 டெசிபல் எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆனாலும் 135 டெசிபல் என்பது சாலையை உடைக்கும் டிரில் இயந்திரத்தின் இரைச்சலை விட அதிகம். சினிமாவில் கேட்கும் அந்த மெல்லிய ‘புஸ்’ பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது.

மாக்சிமின் காலத்தில் இந்தக் கருவியைச் சில டாலருக்குக் கடையிலும் அஞ்சலிலும் வாங்க முடிந்தது. அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாமல் குறிபார்த்துப் பழகுகிறவர்கள் வாங்கினார்கள். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வின்செஸ்டர் துப்பாக்கியிலும் ஒன்று இருந்தது. 1920களில் மாக்சிமின் நிறுவனம் துப்பாக்கிப் பக்கத்தை விட்டு, எஞ்சின்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமான சைலன்சர்களில் இறங்கிவிட்டது.

பிறகு 1934 வந்தது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளில் பயந்துபோன அமெரிக்கா, அந்த ஆண்டு ஜூன் 26 அன்று தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றியது. இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுக்கிய துப்பாக்கி ஆகியவற்றோடு ‘மஃப்ளர் அல்லது சைலன்சர்’ என்ற சொற்களும் சட்டத்துக்குள் வந்தன. அதுவும் எப்படி? ‘துப்பாக்கி’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே. குண்டு போடாத, தனியாக எதையும் சுட முடியாத ஓர் உருளை சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே ஆனது. அதைக் கைமாற்ற 200 டாலர் வரி. கருவியின் விலையைப் போலப் பல மடங்கு. ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு அன்றைய விவாதப் பதிவுகளில் விளக்கம் கிடைப்பதில்லை. பெயர் ஏற்கெனவே ஊரெங்கும் பழகியிருந்தது. அது சொன்ன வாக்குறுதியை அளந்து பார்க்காமலே சட்டம் ஏற்றுக்கொண்டது.

1986இல் வரையறை இன்னும் விரிந்தது. கையில் தூக்கக்கூடிய துப்பாக்கியின் வெடிச்சத்தத்தை அடக்கும், போர்த்தும் அல்லது குறைக்கும் எந்தக் கருவியும் சைலன்சர். அதைச் செய்வதற்கென்றே நோக்கமிட்ட தனி உறுப்பும் சைலன்சர். சாம்பல் நிறப் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ‘குறைக்கும்’ என்பதை ஒலிமானியால் சோதிக்கலாம். ‘நோக்கம்’ என்பதை எந்தக் கருவியால் அளப்பது?

இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘ஸ்டெபிலைசர் பிரேக்’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் குழல் முனைக் கருவி ஒன்றை உருவாக்கியது. துப்பாக்கி உதைப்பதைக் குறைக்கத்தான் அது என்றது நிறுவனம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை அதைச் சைலன்சர் என்று வகைப்படுத்தியது. சைலன்சருக்குரிய அம்சங்கள் என ஆறு கொண்ட ஒரு பட்டியல் வைத்து, அவற்றில் மூன்று இதில் உள்ளன என்று சொன்னதே தவிர, சத்தம் குறைகிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. 2014இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. தோற்றத்தில் சில ஒற்றுமைகள் இருப்பதால் மட்டும் ஒன்று இன்னொன்றாகிவிடாது என்பது அதன் வாதம்.

மற்றொரு வழக்கு சிக் சாவர் நிறுவனத்தினுடையது. குட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றின் முனையில் நீண்ட உறுப்பு ஒன்றைப் பற்றவைத்து, அது துப்பாக்கி உதைப்பதைக் குறைக்கும் ‘மசில் பிரேக்’ என்றது நிறுவனம். அது நிரந்தரமாகச் சேர்ந்தால் குழலின் நீளம் 16 அங்குலம் ஆகும். குட்டைத் துப்பாக்கிக்கான கட்டுப்பாட்டிலிருந்தும் தப்பலாம். ஆனால் அந்த உறுப்பு அதே நிறுவனம் விற்கும் சைலன்சரின் உள்தகட்டுத் தொகுதியேதான். மேலே உறை ஒன்றுதான் இல்லை. அது சைலன்சர்தான் என்ற அரசின் முடிவை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. முதல் வழக்கில் பெயர் சூட்டியவர் பக்கம் தீர்ப்பு. இரண்டாவதில் பெயரை நம்பாதவர் பக்கம் தீர்ப்பு. இரண்டிலும் சரியாகத் தோன்றுவது ஒன்றே: பொருளைப் பார்த்தார்கள், விற்பனைச் சீட்டை அல்ல.

துப்பாக்கி துடைக்கும் எண்ணெயைப் பிடிக்கும் குழாய் என்று ‘சால்வன்ட் டிராப்’ என்ற பெயரில் விற்கப்படும் பொருளும் இதே வரிசையில் வருகிறது. சில வகைகள் சைலன்சர் ஆக மாறுவதற்கு ஒரு படிதான் குறை. பெயர் சுத்தத்தைச் சொல்கிறது. வாங்கும் சிலரின் எண்ணம் வேறாக இருக்கிறது. அப்படிப்பட்டவற்றின் பின்னால் விசாரணைகளும் வழக்குகளும் வந்தபடி இருக்கின்றன.

சட்டத்தில் சிக்கிய பெயரை இப்போது தொழில்துறை கைவிட விரும்புகிறது. அதற்கு ‘சப்ரெசர்’ என்ற சொல்லை முன்னிறுத்துகிறது. கீழே அழுத்திவைப்பது என்பது அதன் பொருள். அமெரிக்க சைலன்சர் சங்கம் என்று தொடங்கிய அமைப்பு சில ஆண்டுகளிலேயே அமெரிக்க சப்ரெசர் சங்கம் ஆனது. கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதாவுக்கு வைத்த பெயர் ‘செவிப் பாதுகாப்புச் சட்டம்’. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் படுகொலை நடந்ததும் அது நாடாளுமன்றத்தில் நின்றுபோனது. 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச்சில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவனின் கைத்துப்பாக்கியில் சைலன்சர் இருந்தது. காதைக் காக்கும் அதே குணம், வெடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பக்கத்திலிருப்பவர் உணர்வதைத் தாமதப்படுத்தவும் கூடும். செவிப் பாதுகாப்பு என்ற பெயர் அதில் பாதியைத்தான் சொல்கிறது; சைலன்சர் என்ற பெயர் எந்தக் காலத்திலும் முழுமையாகச் சொன்னதில்லை.

பிற மொழிகள் எப்படிப் பெயரிட்டன என்று பாருங்கள். பிரெஞ்சும் ஸ்பானிஷும் ஆங்கிலத்தைப் போலவே மௌனத்தைப் பெயரில் வைத்தன. ஜெர்மன், ஸ்வீடிஷ், நார்வேஜியன் ஆகியவை ‘ஒலி தணிப்பது’ என்ற பொருளில் பெயரிட்டன. வாகனத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரே சொல். நார்வேயில் வேட்டைக்காரர்கள் அதை உரிமமின்றி வாங்குகிறார்கள். பெயர் மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தணிப்பது என்று அழைக்கப்படும் பொருள் அச்சத்தை ஊட்டுவதில்லை. மௌனமாக்குவது என்று அழைக்கப்படும் பொருள் ஊட்டுகிறது. நம் எழுத்திலும் ‘ஒலியடக்கி’யை விட ‘ஒலி தணிப்பான்’ உண்மைக்கு நெருங்கிய பெயர். அடக்குவது என்றால் முழுதும் ஒடுக்குவது. தணிப்பது என்றால் குறைப்பது.

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்தப் பொருளின் மீதான 200 டாலர் வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியமாக்கியது. 1934 முதல் இருந்த தொகை போனது. பதிவு செய்யும் கடமை போகவில்லை. கலிபோர்னியா, நியூயார்க் உட்பட எட்டு மாநிலங்களில் அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். வரி போனபின் பதிவு நிற்குமா என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் உள்ளன.

இந்தச் சொல்லின் வரலாறு தரும் தீர்ப்பு இதுதான். விற்பவர் பெயர் சூட்டும்போது ஆசையைச் சொல்வார். எதிர்ப்பவர் பெயர் சூட்டும்போது பயத்தைச் சொல்வார். சட்டம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, கருவி எத்தனை டெசிபல் குறைக்கிறது, எதற்கெனச் செய்யப்பட்டது, யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதாத வரை, பெயர்ப்பலகையைத் தாண்டிப் பொருளைப் பார்க்கும் வேலை நீதிபதிகளின் தலையிலேயே விழும்.