பங்குனிக் காற்றும் கடாரத்து டிக்கெட்டும்

வீட்டில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. மார்ச் ஆரம்பத்தில் பெரியவளுக்குப் பரீட்சை முடிகிறது, ஏப்ரலில் அடுத்த வகுப்பு. நடுவில் கிடைக்கிற பத்துப் பன்னிரண்டு நாளில் எங்கே போவது?

பாலிகஞ்சில் குடியிருந்துகொண்டு லீவுக்கு வீட்டிலேயே இருக்கிறோம் என்று சொன்னால் மதிப்பே போய்விடும். பெங்காலிகள் ஊர் சுற்றிகளை உள்ளங்காலில் கடுகு உள்ளவர்கள் என்பார்கள். கடுகின் மேல் நின்றால் கால் வழுக்கிக்கொண்டே இருக்குமல்லவா, அதுதான். எங்கள் பக்கத்து ஃப்ளாட் தாதா பூஜைக்கு ஒரு ஊர், கோடைக்கு ஒரு ஊர் என்று குரங்குக் குல்லாவோடு கிளம்பிவிடுவார். கொல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் நமக்கு லீவு என்றால் ஹவுரா போய் சென்னை ரயில் ஏறுவது மட்டும்தான் :-)

இந்த முறை தங்கமணியின் ஓட்டு பாலித் தீவுக்கு. பெரியவள் ஓட்டும் அதற்கே. சின்னவனுக்குக் கடற்கரை இருந்தால் போதும். அம்மா மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவ்ளோ தூரம் போறதுன்னா, அப்படியே சுங்கைப்பட்டாணிக்கும் ஒரு எட்டு போய்ட்டு வரலாமேடா."

எங்கள் வீட்டில் சுங்கைப்பட்டாணி என்பது ஒரு ஊரின் பெயர் மட்டும் இல்லை. அம்மாவின் பெரியப்பா 1937ல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி அங்கே ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941 வரை கடிதமும் கொஞ்சம் பணமும் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா பிறந்தது 1950ல். அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவளுடைய அப்பா சாகும்வரை தபால்காரர் மணி கேட்டால் எழுந்து உட்காருவாராம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை அது உபயோகப்பட்டது. நாம் யோசிக்கிற இதே பயணத்தை நமக்கு முன்னால் வங்காளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு காரணத்துக்காக.

முதலில் நம்ம தெருக்காரர். கரியாஹாட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஹிந்துஸ்தான் பார்க். அங்கே 'சுதர்மா' என்று பெயர் வைத்து வீடு கட்டி வாழ்ந்தவர் மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி (1890-1977). வங்க மொழியின் பிறப்பையும் வளர்ச்சியையும் பற்றி 1926ல் அவர் வெளியிட்ட பெரிய நூலை இன்றும் தாண்ட முடியவில்லை என்பார்கள். திராவிட மொழிகளைப் பற்றியும் எழுதியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை 1965ல் புத்தகமாகப் போட்டது.

1927 ஜூலையில் ரவீந்திரநாத் தாகூர் ஜாவா, பாலி, சயாம் என்று கிளம்பியபோது கூடப் போனவர் இவர். ஓவியர்கள் சுரேந்திரநாத் கரும் தீரேந்திர கிருஷ்ண தேவ வர்மாவும் உடன் போனார்கள். அவர்களும் ஹவுராவிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து, சென்னைத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார்கள். நம்ம ரூட்டேதான்! சிங்கப்பூர், மலாயா, ஜாவா, பாலி, பேங்காக் என்று மூன்று மாதத்துக்கு மேல் சுற்றினார்கள். சுனீதி பாபு இதையெல்லாம் எழுதி 1940ல் 'த்வீபமய பாரத்' என்று புத்தகமாக்கினார். தீவுகளால் ஆன பாரதம் என்று பொருள்.

பாலியில் கரங்கசம் அரசரோடு தாகூர் ஒரே காரில் போகிறார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. மணிக்கணக்கில் மௌனம். திடீரென்று மரங்களுக்கு நடுவே கடல் தெரிகிறது. அரசர் சமஸ்கிருதத்தில் கடலுக்கு உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிக்கிறார். பிறகு மலைகளின் பெயர்கள், நதிகளின் பெயர்கள். அந்த நதிகளை அவர் பார்த்ததில்லை. பார்த்தவருக்கோ அவரோடு பேச வேறு வார்த்தை இல்லை. தாகூர் கடிதத்தில் எழுதியிருக்கிற இந்தக் காட்சியை நான் படித்துக் காட்டியபோது பெரியவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ பாலி முன்னாடி நம்மளோடதா இருந்துச்சாப்பா?"

இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்தில் கொல்கத்தாவில் பலர் "ஆமாம்" என்றே பதில் சொன்னார்கள். 1926ல் இங்கே 'அகண்ட இந்தியச் சங்கம்' ஒன்று தொடங்கினார்கள். சுனீதி குமார், காளிதாஸ் நாக், பிரபோத் சந்திர பாக்சி எல்லாம் அதில் இருந்தவர்கள். அடிமை நாட்டில் இருந்தவர்களுக்கு, ஒரு காலத்தில் நாமும் கடல் கடந்து குடியேற்றம் வைத்திருந்தோம் என்பது பெரிய ஆறுதல். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது வேறு: அந்தத் தீவுக்காரர்கள் கையேந்தி வாங்கவில்லை. வேண்டியதைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் வழியில் மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கு வங்காளத்திலிருந்தே சாட்சி உண்டு. பிக்ரம்பூரில் 982ல் பிறந்த அதீசர், பின்னாளில் திபெத்துக்குப் போய்ப் பெரும்புகழ் பெற்ற பௌத்தத் துறவி. அவர் வாலிபத்தில் கப்பலேறி சுவர்ணத்வீபம், அதாவது சுமத்ரா பக்கம் போய் அங்கிருந்த ஒரு குருவிடம் பன்னிரண்டு வருஷம் படித்தார். போதிக்கப் போகவில்லை ஐயா, படிக்கப் போனார்! அதற்கும் முன்னால், 9ம் நூற்றாண்டில், சுவர்ணத்வீபத்து அரசர் பாலபுத்ரதேவர் நாளந்தாவில் தம் செலவில் ஒரு விகாரை கட்டினார். பால மன்னர் தேவபாலர் அதற்குக் கிராமங்களைக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. நம்மூரிலும் இதே கதைதான். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான்.

அப்பாவின் உறவு அப்படி இருக்க, மகன் செய்தது வேறு. ராஜேந்திரன் படை 1022-23 வாக்கில் கங்கைக்கு வந்தது. போளூர் பக்கம் இருக்கிற திருமலைக் கல்வெட்டில் வங்காள தேசத்துக் கோவிந்தசந்திரனும் மகிபாலனும் தோற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அதாவது, நம் ஆட்கள் பாலிகஞ்சுக்கு மாற்றலாகி வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே ஒரு கூட்டம் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது, ஹவுஸ் ஓனருக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் :-) பிறகு 1025ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயம். மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று ஊர்ப் பட்டியல் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "கடாரம் கொண்டான்" என்று மனப்பாடம் செய்தபோது எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். கெடாவில்தான் சுங்கைப்பட்டாணி. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

சோழப்படை போய்த் திரும்பிவிட்டது. நின்றவர்கள் வியாபாரிகள். சுமத்ராவின் மேற்குக்கரையில் பாரூஸ் என்ற கற்பூரத் துறைமுகம் உண்டு. அதன் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது 1088ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வெட்டிவைத்தது. வரும் கப்பல்காரர்கள் எவ்வளவு கட்டவேண்டும் என்கிற கணக்கு அதில் வருகிறது. சுமத்ராவின் காரோ மக்களில் செம்பிரிங் என்று ஒரு குலம்; அதில் சோலியா, பாண்டியா, மெலியாலா என்று கிளைகள் இன்றும் இருக்கின்றன. கத்தி எடுத்துப் போனவன் கல்வெட்டில் நின்றான். தராசு எடுத்துப் போனவன் அந்த ஊர்க் குடும்பங்களின் பெயரில் நின்றான்.

கடைசியாகப் போனவர்கள் கையில் கத்தியும் இல்லை, தராசும் இல்லை. கங்காணி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்தபடி பினாங்கு போய் இறங்கினார்கள். 1938ல் இந்திய அரசு மலாயாவுக்கு இப்படிக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. அம்மாவின் பெரியப்பா போனது அதற்கு முந்தைய வருஷம். ஒரு வருஷம் தள்ளியிருந்தால் போயிருக்கவே மாட்டார்.

இன்னொரு விஷயம். அதே 1930களின் பிற்பாதியில்தான் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். சுங்கைப்பட்டாணியிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை. பழைய கடாரம் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நாலைந்து தோட்டம் தள்ளி விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார் எங்கள் பெரியப்பா. கடாரம் கொண்டவன் ஊர்க்காரன் கடாரத்தில் தினக்கூலி.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். சயாம்-பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பெரியப்பா அதில் போனாரா, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரா, அங்கேயே ஒரு குடும்பம் அமைத்துக்கொண்டாரா, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, பிளானுக்கு வருகிறேன். இதேபோல யோசிக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

பாலியில் மார்ச் என்பது மழைக்காலத்தின் வால். குடை வேண்டும், ஆனால் வெயிலும் உண்டு. அதைவிட முக்கியம் ஞெபி. பாலிக்காரர்களின் சக வருஷப் பிறப்பு அது. பெரும்பாலும் மார்ச்சில் வரும். 2024ல் மார்ச் 11, 2025ல் மார்ச் 29. அன்று முழுநாள் விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, தெருவில் கால் வைக்கக்கூடாது, விமான நிலையமே மூடிவிடுவார்கள். சுற்றுலா வந்தவர்களும் ஓட்டலுக்குள்ளேயே இருக்கவேண்டும். தேதி பார்க்காமல் டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 2025 ஞெபியில் அவர்களுக்குப் பிறந்தது சக வருஷம் 1947. அதே மார்ச் 22ல் நம் இந்திய அரசு நாட்காட்டியிலும் பிறந்தது அதே 1947. கொல்கத்தாவின் மேகநாத சாஹா தலைமையில் குழு போட்டு, 1957ல் நாம் எடுத்துக்கொண்ட நாட்காட்டி அது. பாரூஸ் வணிகர்கள் கல்லில் வெட்டிய 1010ம் இதே கணக்குதான். நாம் காலண்டரில் ஓரமாக அச்சடித்து மறந்துவிட்டோம். அவர்கள் ஒரு நாள் முழுக்க ஊரையே நிறுத்துகிறார்கள்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாய்மரக் காலத்தில் டிக்கெட் கொடுத்தது காற்றுதான். கிழக்கே போகிறவர்கள் பொதுவாகத் தென்மேற்குப் பருவக்காற்றில் கிளம்புவார்கள். திரும்புகிறவர்கள் வாடைக்காற்று பங்குனியில் ஓய்வதற்குள் வீடு வந்து சேருவார்கள். ஆக, நாங்கள் கிளம்புகிற வசந்த காலம் உண்மையில் போகிற காலம் இல்லை, போனவர்கள் திரும்புகிற காலம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்கப்பா பங்குனி மாசம்தான் ரொம்ப எதிர்பார்ப்பாரு. ஊர்ல எல்லாரும் அப்பதான் வருவாங்கம்பாரு" என்றாள்.

முடிவாகிவிட்டது. கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு. அங்கிருந்து கார் வைத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி, பூஜாங் பள்ளத்தாக்கு. 1960ல் மறுபடி எடுத்துக்கட்டிய புக்கிட் பத்து பஹாட் கோவிலின் அடித்தளத்தைக் குழந்தைகள் பார்க்கட்டும். பிறகு ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அம்மா கொஞ்ச நேரம் நிற்கட்டும். அங்கே பெரியப்பாவின் பெயர் எங்கேயும் இருக்காது, அது எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு பாலி. தங்கமணிக்கும் வாக்குக் கொடுத்தாயிற்றே!

பெரியவளுக்கும் பதில் சொல்லிவிட்டேன். பாலி நம்முடையதாக இருந்ததில்லை கண்ணு. அங்கே நம்ம ஆள் படிக்கப் போயிருக்கிறான், அடிக்கப் போயிருக்கிறான், விற்கப் போயிருக்கிறான், உழைக்கப் போய் அங்கேயே புதைந்தும் போயிருக்கிறான். நாம் முதல் தடவையாகச் சும்மா பார்க்கப் போகிறோம். அதனால் மரியாதையாகப் போகவேண்டும்.

லேக் மார்க்கெட்டில் அம்மா நேற்று அரைக்கிலோ காபித்தூள் வாங்கிவந்தாள். பயணத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"அங்க யாராவது நம்ம ஜனங்க இருந்தா, வெறுங்கையோடயா போய் நிக்கறது?" என்றாள்.