ஹார்வர்டை வென்ற சிறு கல்லூரி

போர்க்களத்திற்குச் சரித்திரம் இருப்பதுபோல விளையாட்டுக் களத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றின் குழுவை 2–1 என்ற கணக்கில் வென்று கேடயம் பெற்ற கதையை, வங்காளத்தில் வாழும் நம்மவர் அடிக்கடி கேட்டிருப்பார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரி பெற்ற வெற்றியையும், அவ்வெற்றியின் பின்விளைவையும் இங்கே காண்போம்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரிகளின் எல்லைக்கோட்டைக் கடப்பதே அதன் நோக்கம். அவ்வாறு கடந்தால் 6 புள்ளிகள். அதன் பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் மேலும் ஒரு புள்ளி. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதும் இவ்வாட்டம் அந்நாட்டில் ஒரு திருவிழாவைப் போன்றது.

அக்காலத்தில் அந்த ஆட்டத்தின் அரசர்களுள் ஒருவராக விளங்கியது ஹார்வர்டு. 1636இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் 1903இலேயே காங்கிரீட்டால் ஒரு பேரரங்கம் எழுப்பியிருந்தது. 1920 ஜனவரி முதல் நாள் கலிபோர்னியாவில் நடைபெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஆரிகன் குழுவை 7–6 என்று வென்றது. 1919ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியது முதல் 25 ஆட்டங்களில் அது தோல்வியே காணவில்லை. ஆயினும் ஹார்வர்டு மாணவர்களுக்குப் பெரிய ஆட்டங்கள் என்றால் பிரின்ஸ்டனும் யேலுமே. அவை பருவத்தின் இறுதியில் வரும். நடுப்பருவத்தில் தொலைவிலிருந்து வரும் குழுக்கள், அம்மலைகளை ஏறுமுன் கால்களைப் பழக்கிக்கொள்ளும் மேடுகளாகவே கருதப்பட்டன.

அத்தகைய மேடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டதே சென்டர் கல்லூரி. கெண்டக்கி மாநிலத்தின் டான்வில் என்னும் சிற்றூரில் 1819இல் நிறுவப்பட்டது. மாணவர்கள் ஏறக்குறைய 300 பேர். ஆனால் சிறியது என்பது வேறு, பயிற்சியற்றது என்பது வேறு. டெக்சாஸ் மாநிலத்து போர்ட் வொர்த் நகரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயிற்சியளித்த மையர்ஸ் என்பவர் 1917இல் இங்கு வந்தபோது, அவரிடம் பயின்ற இளைஞர் சிலரும் இக்கல்லூரியை நாடி வந்தனர். பின்னர்ப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் சார்லி மோரன். கோடையில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். 1919இல் சென்டர் எல்லா ஆட்டங்களிலும் வென்றது. வால்டர் காம்ப் என்ற புகழ்பெற்ற நிபுணர் அவ்வாண்டு தேர்ந்தெடுத்த நாட்டின் தலைசிறந்த 11 பேருள் போ மக்மில்லின் உள்ளிட்ட சென்டர் வீரர் இருவர் இடம்பெற்றனர்.

1920இல் சென்டர் முதன்முறையாக ஹார்வர்டு அரங்கிற்குச் சென்றது. பாதி ஆட்டம் வரை 14–14 எனச் சமமாக நின்று, முடிவில் 31–14 என்று தோற்றது. ஆட்டப் பந்தை ஹார்வர்டு தலைவர் அன்போடு அளிக்க முன்வந்தபோது, அடுத்த ஆண்டு வென்று எடுத்துச் செல்கிறோம் என்று மக்மில்லின் மறுத்ததாக அக்கல்லூரியில் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். எவ்வாறாயினும், அத்தோல்வியே அவர்களுக்குப் பாடமாயிற்று. அரங்கின் பெருமையும் கூட்டத்தின் முழக்கமும் அவர்களுக்கு இனிப் புதியவை அல்ல.

1921 அக்டோபர் 29ஆம் நாள். ஹார்வர்டுக்கு அது பருவத்தின் ஏழாவது ஆட்டம். அடுத்த சனிக்கிழமை பிரின்ஸ்டன். முற்பாதியில் இரு தரப்பும் புள்ளி பெறவில்லை. மூன்றாம் கால்பகுதியில், ஹார்வர்டுக்கு விதிக்கப்பட்ட தண்டத்தால் பந்து எல்லைக்கோட்டுக்கு 32 கெஜம் வரை நெருங்கிவந்தது. மக்மில்லின் பந்தை ஏந்தினார். வலப்புறம் ஓடி, திசை மாறி, தடுக்க வந்தோரை ஏய்த்து எல்லையைக் கடந்தார். கூடுதல் உதை குறிதவறியது. எஞ்சிய நேரமெல்லாம் அந்த 6 புள்ளிகளைக் காப்பதே சென்டரின் வேலையாயிற்று. அதை அவர்கள் செய்து முடித்தனர். சென்டர் 6, ஹார்வர்டு 0.

டான்வில்லில் மாணவர்கள் இந்த முடிவை இரசாயனச் சூத்திரம்போல 'சி6 எச்0' என்று சுவர்களிலெல்லாம் எழுதிவிட்டனர். அக்காலத்து அஞ்சலகக் கட்டடத்தின் சுவரில் அவ்வெழுத்து இன்றும் காக்கப்பட்டு வருகிறது. 1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதனை அரை நூற்றாண்டின் எதிர்பாராப் பெருவெற்றியாகக் குறித்தது.

இதை எளியோர் வெற்றி என்று போற்றும்போது ஒன்றை மறத்தலாகாது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கல்விச்சாலையில் பயில்வதைக் கெண்டக்கி மாநிலச் சட்டம் 1904 முதல் தடுத்திருந்தது. டான்வில்லின் கறுப்பின இளைஞன் எவ்வளவு விரைந்து ஓடினாலும் அக்குழுவில் இடம்பெற வழியில்லை. சிறு கல்லூரிக்குத் திறந்த கதவு அவனுக்குத் திறக்கவில்லை.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்தது மேலும் எண்ணத்தக்கது. நாடெங்கும் புகழ்பெற்றுவிட்ட சென்டர், எதிர்வந்த குழுக்களையெல்லாம் வீழ்த்திக்கொண்டே சென்றது. 1922 ஜனவரி 2ஆம் நாள் டல்லாஸ் நகரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரியைச் சந்தித்தபோது, வெற்றி உறுதி என்று எல்லோராலும் கருதப்பட்டது இப்போது சென்டரே. எதிரிக் கல்லூரியோ மோரன் முன்பு பயிற்சியாளராக இருந்த இடம். அக்குழுவில் காயமுற்றோர் மிகுந்துவிடவே, கூடைப்பந்து ஆடுவதற்காகக் கால்பந்துக் குழுவை விட்டு விலகியிருந்த கிங் கில் என்ற மாணவனை மேலிருந்து கீழே அழைத்தனர். அவன் ஆட்ட உடை அணிந்து கோட்டருகே இறுதிவரை நின்றான்; களத்தில் இறங்க நேரவில்லை. ஏ அண்டு எம் 22–14 என்று வென்றது. அக்கல்லூரி மாணவர்கள் '12ஆவது ஆள்' என்னும் மரபைப் போற்றி ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்ப்பது அவன் நினைவாகவே.

இரண்டு மாதங்களுக்கும் சற்றே கூடிய காலத்தில், மலையை வீழ்த்தியவர்கள் தாமே மலையாகி வீழ்ந்தனர். ஹார்வர்டு அதே பருவத்தின் இறுதியில் யேலை 10–3 என்று வென்று தேறிக்கொண்டது. வலிமை என்பது ஒருவரிடமே நிலையாகத் தங்கும் சொத்து அன்று. பெயர் பெற்றவனுக்கு நாளை என்னும் நாள் எப்போதும் கண்ணில் தெரிகிறது. பெயர் பெறாதவனுக்கு இன்று ஒன்றே உள்ளது. அந்த இன்றைய நாளை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவரின் பெயரே ஒரு சிற்றூரின் பழைய சுவரில் நூறாண்டு கடந்தும் அழியாமல் நிற்கிறது.